மாதர்க்கு உண்டாகும் சிறுநீர்ப்பைக் கோளாறுகளைக் கண்டறிதல்

(மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கான சுகாதாரப் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, கிணறு, குடிநீர்த் தொட்டி, கடனுதவி ஆகியவற்றைப் பற்றியே என்னிடமிருந்து கேட்டுப் பழகியவர்கள் தாங்கள். இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள விஷயம் சிலருக்கு வியப்பாகவும் சிலருக்குக் கூச்சமாகவும் இருக்கலாம். பெண்களின் சிறுநீர்ப்பையில் உண்டாகும் கோளாறுகளை வைத்தியர்கள் எவ்வாறு கண்டறிகிறார்கள் என்பதே அது. நான் வைத்தியன் அல்லன். மருத்துவ அதிகாரிகளிடம் கேட்டறிந்ததையும் நூல்களில் படித்தறிந்ததையுமே கூறப் போகிறேன். ஓர் ஆண் இதைப் பேசலாமா என்று ஐயுறுவோரும் இங்கே இருக்கக்கூடும். கழிவறை கட்டுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லி வரும் அலுவலனுக்கு இதில் அக்கறை இல்லாமற் போகுமா? வயற்காட்டிலும் வேலைத் தளத்திலும் மறைவிடம் இல்லாத காரணத்தால் காலை முதல் மாலை வரை சிறுநீரை அடக்கிக்கொண்டும், அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டும் வாழும் பெண்கள் எத்தனையோ பேர்.

நம் ஊர்களில் இந்தக் கோளாறுகள் யாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே பெயர்தான். எரிச்சல் கண்டால் ‘சூடு’. அடிக்கடி போக நேர்ந்தால் ‘சூடு’. சொட்டுச் சொட்டாகப் போனாலும் ‘சூடு’. மோர், இளநீர், வெந்தயம் என்று கைவைத்தியம் தொடங்கிவிடும். அவற்றை நான் குறை கூறவில்லை. வெயிற்காலத்தில் மோர் அருந்துவதால் யாருக்கு என்ன தீங்கு? ஆனால் ஒரே பெயரால் அழைக்கப்படும் இந்த உபாதைகளுக்குப் பின்னே வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. கிருமித் தொற்று, சர்க்கரை நோய், கர்ப்பப்பை இறக்கம், சிறுநீர்ப்பையின் தசை அளவுக்கு மீறிச் சுருங்குதல், சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தேங்குதல் என அவை பல. ஒன்றுக்கு உகந்த மருந்து மற்றொன்றுக்குக் கேடாகவும் முடியும். சிறுநீர்ப்பையின் தசையைத் தளர்த்தும் மாத்திரை, அடிக்கடி அவசரப்படுகிறவருக்கு நன்மை தரும். சிறுநீர் தேங்குகிறவருக்கு அதே மாத்திரை அடைப்பை உண்டாக்கிவிடலாம். ஆதலால் நோயின்னதென்று அறியுமுன் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவது தகாது.

கண்டறிதலின் முதற்படி கருவி எதுவும் அன்று. நோயுற்றவர் கூறும் வரலாறுதான். எத்தனை நாளாக உபாதை, எரிச்சல் உண்டா, காய்ச்சல் உண்டா, இருமினாலோ தும்மினாலோ குடம் தூக்கினாலோ சிறுநீர் கசிகிறதா, அல்லது அவசரம் தோன்றிக் கழிவறையை அடையுமுன் கசிந்துவிடுகிறதா, பிரசவங்கள் எத்தனை, மாதவிடாய் நின்றுவிட்டதா, வேறு என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறார் என்றெல்லாம் வைத்தியர் வினவுவார். இவற்றுக்கு நம் தாய்மார்கள் பெரும்பாலும் தரும் விடை, ‘கொஞ்சம் எரிச்சலாக இருக்கிறது, ஐயா’ என்பதே. கசிவைப் பற்றி வாய் திறப்பதில்லை. ‘பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்’ என்று ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். துணைக்கு வரும் கணவரோ மாமியாரோ முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவதும் உண்டு. உடன் வருவோர் அச்சமயம் சற்று வெளியே இருப்பது நலம்.

அடுத்தது, செலவில்லாத ஒரு சோதனை. மூன்று நாட்களுக்கு ஒரு குறிப்பேடு எழுதுமாறு வைத்தியர் கூறுவார். எந்நேரத்தில் எவ்வளவு பருகினீர்கள், எந்நேரத்தில் எவ்வளவு சிறுநீர் கழித்தீர்கள், எப்போது கசிந்தது என்பவற்றை அதில் குறிக்க வேண்டும். அளவு குறித்த பழைய பாத்திரம் ஒன்றை இதற்கெனத் தனியே வைத்துக்கொண்டால் போதும். எழுதத் தெரியாதவர் கோடு போட்டுக் காட்டலாம். பள்ளிக்குச் செல்லும் மகள் எழுதித் தரலாம். சிறுநீர்ப்பை பொதுவாக 300 முதல் 500 மில்லி லிட்டர் வரை கொள்ளும். பகலில் ஏழெட்டு முறையும் இரவில் ஒரு முறையும் போவது இயல்பு. ஒருவர் பதினைந்து முறை போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் 100 மில்லிக்கும் குறைவாகவே போனால், சிறுநீர்ப்பையில் எரிச்சலோ தொற்றோ தசைக் கோளாறோ இருக்கலாம். அவ்வாறின்றி ஒவ்வொரு முறையும் நிறையப் போய், நாளொன்றுக்கு மூன்று லிட்டரைத் தாண்டினால் குற்றம் சிறுநீர்ப்பையில் இல்லை. இரத்தத்தில் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். ‘அடிக்கடி போகிறது’ என்ற ஒரே சொல்லுக்குள் மறைந்திருந்த இரண்டு நோய்களை ஓரணா நோட்டுப் புத்தகம் பிரித்துக் காட்டிவிடுகிறது! (ஓரணா என்றது பழக்க தோஷம், இன்றைய விலை தங்களுக்கே தெரியும்.)

மூன்றாவது, சிறுநீர்ப் பரிசோதனை. இதிற்றான் நம்மவர்கள் அதிகக் கவனக்குறைவாக இருக்கிறார்கள். வீட்டில் கிடக்கும் மருந்துக் குப்பியை அலம்பி, அதில் பிடித்துக்கொண்டு, பேருந்தில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து கொண்டுவந்து கொடுத்தால், குப்பியிலிருந்த அழுக்கும் வழியில் பெருகிய கிருமியுமே சோதனையில் தென்படும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சுத்தமான குப்பியைக் கேட்டுப் பெறுங்கள். முதலில் கைகளைக் கழுவி, பிறகு சிறுநீர் கழிக்கும் இடத்தை முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் கழுவ வேண்டும். முதலில் வரும் சிறிது நீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைக் குப்பியில் பிடித்து, மீதியையும் வெளியே விட்டுவிட வேண்டும். குப்பியின் உட்புறத்தில் விரல் படலாகாது. ஒரு மணி நேரத்துக்குள் அது சோதனைக் கூடத்தை அடைவது நன்று. தாமதமாகுமானால் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். மாதவிடாய் நாட்களாயின் அதனைச் செவிலியரிடம் முன்கூட்டியே கூறிவிடுங்கள்.

இரசாயனப் பட்டையை அந்நீரில் தோய்த்தால் சீழணுக்களும் கிருமிகளும் இருப்பதற்கான அறிகுறி சில நிமிடங்களில் தெரியும். பெண்களின் சிறுநீர்த் தாரை ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் நீளமே உடையது. மலவாய்க்கு அருகில் இருப்பதும் ஆகும். ஆகவே குடலில் வாழும் ஈ. கோலி என்னும் கிருமி எளிதில் உட்புகுந்துவிடுகிறது. எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று திட்டமாக அறியக் ‘கல்ச்சர்’ எனப்படும் வளர்ப்புச் சோதனை தேவை. முடிவு கிடைக்க இரண்டு மூன்று நாட்கள் ஆகலாம். ஒரு மில்லி லிட்டரில் 1 லட்சம் கிருமிகளுக்கு மேல் வளர்ந்தால் அது தொற்று என்று கொள்ளும் அளவுகோல், அமெரிக்க வைத்தியர் எட்வர்டு காஸ் என்பவர் 1956-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து பரவியது. எரிச்சலும் கடுப்பும் உள்ளவரிடத்தில் அதனினும் குறைந்த எண்ணிக்கையையும் இன்று வைத்தியர்கள் பொருட்படுத்துகிறார்கள். சோதனைக்குக் கொடுக்குமுன் இரண்டு மாத்திரை விழுங்கிவிட்டால் கிருமி வளராமல், நோயே இல்லை என்று முடிவு வந்துவிடக்கூடும். சீழணுக்கள் நிறைய இருந்தும் கிருமி வளரவில்லையென்றால் காசநோயும் சிறுநீர் மண்டலத்தைத் தாக்கியிருக்கலாம் என்பதை நம் நாட்டில் மறக்கலாகாது. அதற்குத் தனியான சோதனைகள் உண்டு. கர்ப்பிணிகளுக்கு உபாதை ஏதுமில்லாவிடினும் சிறுநீரில் கிருமி இருந்தால் சிகிச்சை அவசியம். இல்லையேல் அது சிறுநீரகம் வரை ஏறிவிடக்கூடும்.

கசிவு உள்ளவர்களை வைத்தியர் நேரில் பரிசோதிப்பார். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது இருமச் சொல்லி, அக்கணமே கசிகிறதா என்று காண்பார். கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ கீழிறங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பார். பெண் வைத்தியரோ, ஒரு செவிலியர் உடனிருப்பதோ வேண்டும் என்று கேட்பது தங்கள் உரிமை. சிறுநீர் கழித்தவுடன் ஸ்கேன் எடுத்து, உள்ளே மீதம் எவ்வளவு என்று அளப்பதும் உண்டு. இருமலில் கசியும் வகைக்கு, முறையாகக் கற்றுக்கொண்டு மூன்று மாதம் செய்யும் இடுப்புத் தசைப் பயிற்சியே பலருக்குப் போதுமானது. இரவும் பகலும் ஓயாமல் கசிவது வேறு விஷயம். நீண்ட பிரசவ வேதனையாலோ, கர்ப்பப்பை அறுவை சிகிச்சையின்போது நேர்ந்த காயத்தாலோ சிறுநீர்ப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் இடையே துவாரம் விழுந்திருக்கலாம். சிறுநீர்ப்பைக்குள் நீலச் சாயநீரைச் செலுத்தி, பிறப்புறுப்பில் வைத்த பஞ்சு நீலமாகிறதா என்று பார்த்தே இதைக் கண்டுவிடுகிறார்கள். நாற்றம் என்று ஒதுக்கப்பட்டுத் திண்ணையில் தனியே கிடக்கும் ஒரு பெண்ணுக்கு இச்சிறு சோதனை புது வாழ்வுக்கு வழி திறக்கும். ஏனெனில் இத்துவாரங்களில் பெரும்பாலானவற்றை அறுவை சிகிச்சையால் மூடிவிடலாம்.

குழாய் வழியே சிறுநீர்ப்பையின் உட்புறத்தைப் பார்க்கும் சோதனையும், அழுத்தத்தை அளக்கும் சோதனையும் பெரிய மருத்துவமனைகளில் உண்டு. எல்லோருக்கும் அவை வேண்டுவதில்லை. ஆனால் வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் போகுமானால், அதுவும் மாதவிடாய் நின்ற வயதினருக்கு, ஒரே ஒரு முறை போய் நின்றுவிட்டாலும் அச்சோதனையைத் தள்ளிப்போடலாகாது. அது புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும். பீட்ரூட் உண்டாலும், காசநோய் மாத்திரை உட்கொண்டாலும் நிறம் மாறுவது உண்டு. எது என்பதைச் சோதனைக் கூடம் சொல்லட்டும். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சலும் விலாவில் வலியும் கண்டாலோ, வயிறு உப்பிச் சிறுநீர் பிரியாமற் போனாலோ, குறிப்பேடு எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை; அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முகாம் முடிந்ததும் பின்கட்டு அறையில் கிராம சுகாதாரச் செவிலியர் இருப்பார். சுத்தமான குப்பிகளும், மூன்று நாள் குறிப்பேட்டுக்கான தாள்களும் அவரிடம் உள்ளன. அறைக்குள் ஒவ்வொருவராகச் செல்லலாம். ஆண்களாகிய நாம் அதுவரை முன்வாசலில், வேலைத் தளங்களில் பெண்களுக்கு மறைப்பிடம் அமைப்பது குறித்துப் பேசிக்கொண்டிருப்போம்.