பழைய சிறு டிராக்டரும் கியர் எண்ணெயும்

(உழவர்களுக்கான எந்திரப் பராமரிப்புக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் பயிராகும் நிலங்களில் இன்று சிறு டிராக்டர்கள் ஏராளமாக உழைக்கின்றன. அவற்றுள் பல, இரண்டாவது மூன்றாவது கைக்கு மாறியவை. வண்டி வந்து சேர்ந்திருக்கும். அதனுடைய கைப்புத்தகம் வந்து சேர்ந்திராது. என்ஜின் எண்ணெயை நம்மவர் தவறாமல் மாற்றுகின்றனர். கியர் பெட்டியின் எண்ணெயையோ, ஒழுகித் தரையில் விழுந்தாலன்றி எவரும் நினைப்பதில்லை. மானாவாரி நிலத்தில் விதைப்புக்கு ஏற்ற ஈரம் சில நாள்களே நிற்கும். அந்நாள்களில் வண்டியின் பின்பாகத்தைப் பிரித்துப் பட்டறையில் போட நேர்ந்தால், நட்டம் மெக்கானிக் கூலியோடு முடிவதில்லை.

கடைக்குச் சென்று ‘தொண்ணூறாம் நம்பர் ஆயில்’ கேட்பது நம் வழக்கம். பற்சக்கரங்கள் மட்டுமே உள்ள பழைய பெட்டிகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் எல்லா வண்டிகளின் அமைப்பும் ஒன்றன்று. பழைய மாஸி பெர்குசன் 35 வகையை எடுத்துக்கொள்ளுங்கள். கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்பு, பின்பெட்டியின் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கிறது. பற்சக்கரத்துக்கு இடும் எண்ணெயே கலப்பையையும் தூக்க வேண்டும். வேறு பல வண்டிகளில் பிரேக் தட்டுகளும் அதே எண்ணெயில் மூழ்கியுள்ளன.

ஆகவே எண்ணெய் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இப்பெட்டியின் எண்ணெயைக் கியர் மட்டும் பயன்படுத்துகிறதா, ஹைட்ராலிக்கும் பிரேக்கும் பங்கிட்டுக்கொள்கின்றனவா? பங்கு உண்டெனில், மூன்றுக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட யூ.டி.டி.ஓ. என்னும் வகையில், அவ்வண்டிக்குக் குறிக்கப்பட்டதையே இடவேண்டும். அது சற்று நீர்த்திருப்பதைக் கண்டு கலப்படமோ என்று ஐயுறுவோர் உண்டு. அதன் இயல்பே அப்படித்தான். மூழ்கிய பிரேக் உள்ள வண்டியில் வெறும் கியர் எண்ணெயை இட்டால் பிரேக் அலறும், அதிரும், பிடிமானம் குறையும். மூட்டை ஏற்றிய டிரைலருடன் சரிவில் இறங்கும்போது இதன் பொருள் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

எண்களும் நம்மை மயக்குகின்றன. என்ஜின் எண்ணெயின் எண் வரிசை வேறு, கியர் எண்ணெயின் வரிசை வேறு. கியர் வரிசையின் 90, கெட்டித்தன்மையில் ஏறத்தாழ என்ஜின் வரிசையின் 40 அல்லது 50-க்கு நிகர். டப்பாவில் ஜி.எல். 4, ஜி.எல். 5 என்றும் அச்சிட்டிருக்கும். ஐந்து நான்கைவிட உயர்ந்தது என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். கடுஞ்சுமைக்காக ஐந்தில் மிகுதியாகச் சேர்க்கப்படும் கந்தகப் பொருள்கள், பழைய பெட்டிகளிலுள்ள பித்தளை, வெண்கலப் புஷ்களை அரிக்கக்கூடும். கைப்புத்தகம் இல்லாதவர்கள் வண்டியின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு விற்பனையாளரிடமோ, வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ளலாம்.

எண்ணெயின் நிலையை அறிவது எளிது. திருமானூர், தா. பழூர் பக்கத்துச் சேற்றுழவில் தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீர் புகும். எண்ணெய் மோர்போல் வெளுக்கும். வெளுத்த எண்ணெயோடு ஒரு நாளும் ஓட்டலாகாது. வேப்பந்தட்டைக் கரிசலில் பகை தண்ணீரன்று, புழுதி. காற்றுத் துளையின் மூடி உடைந்திருந்தால் அவ்வழியே உள்ளே இறங்கும். மூடியின் விலை அற்பம். அதைத்தான் எவரும் மாற்றுவதில்லை!

இனி மாற்றும் முறை. அரைமணி நேரம் ஓட்டி, எண்ணெய் சூடேறியபின் சமதளத்தில் நிறுத்துங்கள். தூக்குக் கைகளை முழுவதும் இறக்கி விடுங்கள். இல்லையெனில் சிலிண்டரில் பழைய எண்ணெய் தங்கிவிடும். என்ஜினை நிறுத்திய பின்னரே அடிப் போல்ட்டைக் கழற்ற வேண்டும். அதில் காந்தம் இருந்தால் உற்றுப் பாருங்கள். மாவுபோன்ற சாம்பல்நிறக் கசடு இயல்பான தேய்மானம். செதில்களோ பல்லின் துண்டோ இருந்தால் புதிய எண்ணெயை ஊற்றாமல் மெக்கானிக்கை அழையுங்கள். சல்லடை இருப்பின் டீசலில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். மண்ணெண்ணெயைப் பெட்டிக்குள் ஊற்றி அலசுவது வேண்டாம். எஞ்சும் மண்ணெண்ணெய் புதிய எண்ணெயை நீர்க்கச் செய்யும். அளவுக்கோலின் குறிவரை நிரப்பி, சிறிது ஓட்டி, கலப்பையைச் சிலமுறை தூக்கி இறக்கி, மீண்டும் அளவு பாருங்கள். தண்ணீர் புகுந்த பெட்டியானால் முதலில் சீலை மாற்றுங்கள். சில மணி நேரம் ஓட்டியபின் புதிய எண்ணெயையும் வடித்து மறுபடி நிரப்புவது செலவுதான். ஆயினும் பேரிங்கின் விலையை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய வண்டிகளில் மணி காட்டும் கருவி பெரும்பாலும் ஓடுவதில்லை. ஓட்டிய நேரத்தை ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதி வந்தால், கைப்புத்தகம் கூறும் கெடு எப்போது வருகிறது என்று தெரியும். சேற்றில் ஓட்டுவோர் பருவந்தோறும் எண்ணெயைப் பார்த்தே ஆகவேண்டும்.

வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. டப்பாவில் மூடி வைத்திருந்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளருக்குச் சேர்ப்பிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம்.