கடைசி வகுப்பும் கட்டற்ற மென்பொருளும்

(பழைய மாணவர் சங்க விழாவில் ஆற்றிய உரை)



மேடையேறினால் பெருமை பேசுவது வழக்கம். நான் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வந்திருக்கிறேன். 2010-ல் எங்கள் பேராசிரியர் ஓய்வு பெற்றபோது அவருடைய கடைசி வகுப்பை ஒலிப்பதிவு செய்தோம். திருட்டு சி.டி.யில் வந்த மென்பொருள். அதற்கு மட்டுமே புரிகிற வடிவத்தில் சேமித்தோம். கம்ப்யூட்டர் மாறியது, மென்பொருள் ஓடவில்லை. கம்பெனியிடம் போய்க் கேட்க எங்களுக்கு என்ன முகம்? இன்று சார் இல்லை. அவர் குரல் மட்டும் பூட்டிக் கிடக்கிறது.

பிளெண்டர் கதையைக் கேளுங்கள். அதை விற்றுவந்த கம்பெனி 2002-ல் மூடப்பட்டது. உருவாக்கிய டோன் ரூசெண்டால் மக்களிடம் கையேந்தினார். ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ சேர்ந்தது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதில் உருவான லாட்வியப் படம் ‘ஃப்ளோ’ 2025-ல் ஆஸ்கர் வாங்கியது!

கட்டற்ற மென்பொருள் என்றால் ஓசியில் கிடைப்பது என்று மட்டும் நினைக்காதீர்கள். உள்ளே பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், நண்பனுக்கும் கொடுக்கலாம். திருட்டல்ல, உரிமை. படிக்கிறவனுக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் ஏது?

தம்பி, தங்கைகளே! ஆடாசிட்டியை இறக்கிக்கொள்ளுங்கள். அனுமதி கேட்டு, ஆசிரியர்களின் பாடங்களைப் பதிவு செய்யுங்கள். ஃபிளாக் வடிவத்தில் வையுங்கள். அதன் இலக்கணம் ஊரறிந்தது. எந்தக் கம்பெனி மூடினாலும் திறக்க வழி இருக்கும்.

நாங்கள் இழந்ததை நீங்கள் இழக்க வேண்டாம்.