அச்சுப்பொறியின் நினைவில் தமிழெழுத்து



கவிதை பேசும் அவையில் அச்சுப்பொறியைப் பற்றிப் பேச முன்வந்துள்ளேன். எழுத்து எங்கே குடியிருக்கிறது என்னும் வினா கவிஞர்க்கும் உரியதே.

செர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் 1713-இல் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை பெரியனவாக இருந்தமையின், சிறியவற்றை இங்கேயே வார்த்து 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். ஈய எழுத்துக்கு ஒரு பெருமை உண்டு: விளக்கணைந்தாலும் அது தன் அறையில் அப்படியே இருக்கும்.

கணினியோடு வந்த புள்ளி அச்சுப்பொறியில் நிலைமை வேறு. அதற்கு இருவகை நினைவு. ஒன்று ஆலையிலேயே பதிக்கப்பட்டது, அழியாதது. ஆங்கில எழுத்துகள் அதில் அமர்ந்தன. மற்றொன்று மின்சாரம் உள்ளவரை மட்டுமே நிற்பது. நாமே வரைந்து அனுப்பும் எழுத்துகளுக்கு அதில்தான் இடம்.

1980-களில் பரவிய எப்சன் எஃப்.எக்ஸ். வகைப் பொறியில் ஓர் எழுத்துக்கு 11 நிரல்கள். நிரலுக்கு 8 புள்ளிகள். மேலிருந்து கீழாக அவற்றின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. நிரலில் வேண்டும் புள்ளிகளைக் கூட்டி எண்ணாக அனுப்ப வேண்டும். டகரத்திற்கு 255, 0, 1, 0, 1, 0, 1, 0, 1, 0, 0 போதும்: ஒரு நெடுங்கோடு, ஓர் அடிக்கோடு. ஒன்பதாம் எண்ணையும் 255 ஆக்கினால் பகரம் எழுந்து நிற்கும். ஆனால் ணகரத்தின் மூன்று சுழிகளை என் செய்வது? ஒரே வரிசையில் அடுத்தடுத்த நிரல்களில் புள்ளி வைக்கவும் அப்பொறி இடந்தராது. மேலே இகரச் சுழி, கீழே உகர வால் என வந்தால் 8 புள்ளிகள் எம்மூலைக்கு?

இன்று கடைகளில் வெப்பத்தால் சீட்டு அச்சிடும் சிறு பொறிகள் பலவும் எப்சன் வகுத்த ஆணைமுறையையே பின்பற்றுகின்றன. அதில் மேக்ரோ என்றோர் ஏற்பாடு உண்டு. ஆணைகளின் தொடர் ஒன்றை ஒருமுறை கற்பித்துவிட்டால், பின்னர் ஒரே ஆணையில் முழுவதையும் நிகழ்த்தும். ஏட்டில் ‘பல்லவி’ என்று மட்டும் குறித்திருக்க, பாடுவோர் அடிமுழுதும் பாடுவதைப் போல. எழுத்து வரையவும் இடமுண்டு: 12 புள்ளி அகலம், 24 புள்ளி உயரம். முன்னையதினும் தாராளந்தான். ஆயினும் ரகரமும் ணூகாரமும் ஒரே 12 புள்ளிக்குள் அடங்க வேண்டும். இடங்களோ 95, அவையும் ஆங்கில எழுத்தும் எண்ணும் நிறுத்தக்குறியும் வழக்கமாக அமரும் இடங்கள்.

நமக்கு எத்தனை வேண்டும்? இலக்கணம் 247 என்னும். கால், கொம்புகளைப் பொதுவாக வைத்து எண்ணினால் ஏறத்தாழ 125 வடிவங்கள். பெரியார் 1935-இல் கையாளத் தொடங்கி, 1978-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற சீர்திருத்தம் இல்லையேல் இன்னும் கூடும். (மரபுவழி நிற்கும் நண்பர்கள் சினவற்க.) 95-இல் 125 அடங்காது. ஆகவே தமிழை எழுத்தாக அனுப்பாமல், வரியைப் படமாக்கி அனுப்புகிறார்கள். தாளில் விழுவது தமிழ். பொறிக்கு அது வெறும் கோலம். அவ்வேற்பாடு செய்யாத மென்பொருளில் தமிழ் இருந்த இடத்தில் கேள்விக்குறிகளே வரிசையாக விழும்.

கடையின் சின்னத்தை மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவில் வைக்க அதே பொறியில் வழியுண்டு. நாம் வரைந்த எழுத்துகளோ பொறியை அணைத்ததும் மறையும். மறுநாள் காலை மீண்டும் கற்பிக்க வேண்டும். இதை நான் தொழில்நுட்பக் குறைபாடாகக் கருதவில்லை. எது நிலையானது, எது விருந்து என்று யாரோ எடுத்த முடிவாகவே கருதுகிறேன்.

இராணிப்பேட்டை முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை நம் தோல் தொழில் ஏற்றுமதியால் வாழ்வது. ஏற்றுமதிப் பட்டியல் ஆங்கிலத்தில் இருப்பது முறையே. அதைப் படிப்பவர் கடல்கடந்து இருக்கிறார். காலணி ஆலையில் மேற்பாகம் தைக்கும் பெண்ணின் ஊதியச் சீட்டைப் படிப்பவர் ஆம்பூரிலேயே இருக்கிறார். பிடித்தம் எதற்கு, எவ்வளவு என்பதை அவர் பிறரைக் கேளாமல் படிக்க வேண்டுமாயின், அந்தப் பொறியின் அழியா நினைவில் ‘பிடித்தம்’ என்பதற்குரிய எழுத்துகள் இருத்தல் வேண்டும். பொறி வாங்கும் நிறுவனத்தார் இவ்வட்டத்திலும் உள்ளனர். வாங்குமுன் இந்த ஒரு கேள்வியை விற்பவரிடம் கேட்குமாறு அவர்களை வேண்டுகிறேன்.