அரசு கொடுத்த காகிதத்தை அரசே கேட்கிறது

இடம் இல்லாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கிற தாய்மார்களே!

எனக்குக் கொடுத்த தலைப்பு மின்னாளுமை. நான் ஜூன் மாதத்தைப் பற்றிப் பேசுகிறேன். ஜூன் பிறந்தால் இ-சேவை மைய வாசலில் யார் நிற்கிறார்கள்? பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப்போகிற தாய் நிற்கிறாள்! அவள் கையில் சாதிச் சான்று, கொடுத்தது வருவாய்த்துறை. மதிப்பெண் சான்று, கொடுத்தது தேர்வுத்துறை. குடும்ப அட்டை, கொடுத்தது உணவு வழங்கல் துறை. மூன்றும் அரசு! அந்த மூன்றையும் ஸ்கேன் எடுத்துக் கொண்டுவா என்கிறது இன்னொரு அலுவலகம். அதுவும் அரசு! அரசு கொடுத்த காகிதத்தை அரசிடமே நீட்டி அவள் இன்னும் எத்தனை முறை நிற்க வேண்டும்?

எஸ்டோனியா என்று ஒரு நாடு இருக்கிறது ஐயா. 13 லட்சத்துச் சொச்சம் மக்கள். நம் கோவை மாவட்டத்தில் பாதிகூடத் தேறாது! சோவியத்திலிருந்து 1991-ல் விடுபட்ட நாடு. 2001-ல் துறைகளுக்கு இடையே விவரம் போய்வர எக்ஸ்-ரோடு என்று ஒரு பாதை போட்டார்கள். எல்லாருடைய விவரத்தையும் ஒரே இடத்தில் கொட்டவில்லை. அவரவர் பதிவேடு அவரவரிடம். ஒரு துறை கேட்டால் இன்னொரு துறை வேண்டியதை மட்டும் அனுப்பும். அனுப்பியதற்குத் தடயமும் இருக்கும். ஒரே விவரத்தைத் திரட்ட இரண்டு பதிவேடு வைக்கக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். பக்கத்து பின்லாந்தும் அதையே எடுத்துக்கொண்டது. 2017-ல் இரண்டு நாடும் சேர்ந்து அதைப் பராமரிக்க ஒரு நிறுவனமே தொடங்கின. மூலநிரல் திறந்து கிடக்கிறது, யாரும் எடுக்கலாம்!

அது குளிர் தேசம், நமக்கு ஒத்துவராது என்பார்கள். பெங்களூரில் ஒரு கல்வி நிறுவனத்தில் வளர்ந்த மோசிப் என்கிற திறந்த மென்பொருள்தான் பிலிப்பைன்ஸ் மக்களின் அடையாள அட்டைக்கு அடித்தளம். கடல் தாண்டிக் கொடுக்கத் தெரிந்த நமக்கு, அடுத்த மேசைக்குக் கொடுக்கத் தெரியாதா?

ஏன் தெரியாது? இந்த ஊர் எல்லையில் ஒரு இ-சேவை மையத்தில் ஒரு பெண் வேலை பார்க்கிறாள். பெயர் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். எந்த விண்ணப்பம் எதற்காகத் திரும்பி வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கிறாள். எழுதியதைப் பூட்டிவைக்கவில்லை! படம் எடுத்துச் சுற்றுவட்டார மையங்களுக்கெல்லாம் அனுப்புகிறாள். எந்த அரசாணையும் அவளை அனுப்பச் சொல்லவில்லை!

ஆனால் சிலர் இருக்கிறார்கள். யாரென்று உங்களுக்கே தெரியும். துறைக்கு ஒரு செயலி, செயலிக்கு ஒரு டெண்டர், டெண்டருக்கு ஒரு திறப்பு விழா. ரிப்பன் வெட்டியவர் படம் முகப்பில்! மக்கள் பணத்தில் எழுதிய நிரல் ஒப்பந்தக்காரர் பெட்டியில்! அடுத்த நகராட்சி அதே வேலைக்கு மறுபடியும் காசைக் கொட்டுகிறது. அது யார் காசு? உங்கள் வீட்டுவரி! அரசு மென்பொருளின் மூலநிரலைத் திறந்து பகிரலாம் என்று ஒன்றிய அரசே 2015-ல் கொள்கை வகுத்தது. படித்தீர்களா? படித்திருந்தால் இந்தத் தாய் ஏன் இன்னும் வெயிலில் நிற்கிறாள்?

வழியும் புதிது இல்லை. 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் 6(3) என்று ஒரு பிரிவு. மனுவைத் தப்பான அலுவலகத்தில் கொடுத்தாலும், சரியான அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் அவர்களே அனுப்ப வேண்டும். மனுவுக்கு நடக்கத் தெரிந்த அரசு, சான்றுக்கு மட்டும் ஏன் நடக்க மறுக்கிறது?

அந்தப் பெண்ணின் நோட்டைப் பிரதி எடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். இந்தக் கூட்டத்தின் பெயரால் ஒரு தீர்மானம் முன்மொழிகிறேன். இந்த நோட்டில் உள்ளதை மாவட்ட நிர்வாகம் எல்லா மையங்களுக்கும் அனுப்ப வேண்டும். அரசு வழங்கிய சான்றை எந்த அரசு அலுவலகமும் மக்களிடம் கேட்காமல் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். நம் நகராட்சி வாங்கும் மென்பொருளின் நிரல் நகராட்சிக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். வழிமொழிகிறவர்கள் கை தூக்குங்கள். பின்னால் நிற்கிற தாய்மார்களே, முதலில் நீங்கள்!