தடையற்ற பயணமும் எண்ணிம வரைபடமும்
(ஹாலே நகரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஹாலே தமிழுக்கு அந்நியமான நகரன்று. சீகன்பால்குவின் தரங்கம்பாடி அச்சகத்திற்கான தமிழ் எழுத்துக்கள் இங்கு வார்க்கப்பட்டு, 1713ஆம் ஆண்டில் அங்கு போய்ச் சேர்ந்தன. 1891ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் ஓடிய நகரமும் இதுவே. ஆயினும் நூறாண்டுக் காலம் அவ்வண்டிகளின் உயர்ந்த படிகள் சக்கர நாற்காலியில் வருவோரைத் தெருவிலேயே நிறுத்திவைத்தன. 1990களில் தாழ்தள வண்டிகள் வரத் தொடங்கின. ஆனால் வண்டி தாழ்ந்தால் மட்டும் போதாது. நிறுத்தத்தின் மேடையும் அதற்கேற்ப உயர்ந்திருத்தல் வேண்டும். எந்த நிறுத்தம் உயர்ந்துள்ளது, எது உயரவில்லை என்பதை வீட்டை விட்டுப் புறப்படுமுன் அறிவது எப்படி?

இதற்கு விடையாக எழுந்ததே 'வீல்மேப்'. ராவுல் கிரவுத்தவுசன் என்னும் சக்கர நாற்காலிப் பயனாளரும் அவர்தம் பெர்லின் நண்பர்களும் 2010ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். தடையின்றி நுழையக்கூடிய இடங்கள் எவையென்று தெரியாமையால் எப்போதும் ஒரே தேநீரகத்தில் சந்திக்க நேர்ந்ததே இம்முயற்சிக்கு வித்தானது. 2004ஆம் ஆண்டில் தோன்றிய 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் கட்டற்ற வரைபடமே இதன் அடித்தளம். படியற்ற இடம் பச்சை. ஏழு சென்ரிமீற்றருக்கு மேற்படாத ஒரு படி மட்டும் உள்ள இடம் மஞ்சள். உயர்ந்த படியோ பல படிகளோ உள்ள இடம் சிவப்பு. எவரும் பார்த்துக் குறிக்காத இடம் சாம்பல்.

இந்நிறங்களுள் மிகுந்த கவனத்தை வேண்டுவது பச்சையே. சிவப்பைக் கண்டவர் வேறு வழி தேடுவார். பொய்யான பச்சையை நம்பியவரோ பாதி வழியில் தவிப்பார். நேற்று இயங்கிய மின்தூக்கி இன்று பழுதாகலாம். ஆகவே வரைபடம் ஒருமுறை வரைந்து முடிக்கும் பணியன்று. நாள்தோறும் பேணவேண்டிய பொறுப்பு.

சட்டமும் துணை நிற்கின்றது. 2013இல் நடைமுறைக்கு வந்த செருமானியப் பயணிகள் போக்குவரத்துச் சட்டத் திருத்தம், 2022 சனவரி முதலாம் நாளை முழுமையான தடையின்மைக்கான இலக்காக வைத்தது. எனினும் காரணம் காட்டி விதிவிலக்குப் பெறவும் அது இடமளித்தது. அந்நாள் கடந்தும் பணி முடியவில்லை. எங்கே முடியவில்லை என்பதைச் சான்றுடன் காட்டும் கருவியே வரைபடம்.

கணினி கற்ற தமிழ் இளையோர் இப்பணியில் இணைதல் எளிது. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அன்றாடம் ஏறும் நிறுத்தத்தை உற்றுநோக்கி, கண்டதைக் கண்டவாறே பதிந்தால் போதும். அதே வரைபடத்தில் சென்னையும் உண்டு, யாழ்ப்பாணமும் உண்டு. விடுமுறைக்குத் தாயகம் செல்வோர் அங்குள்ள பேருந்து நிலையங்களையும் குறிக்கலாம்.

வீட்டுக்குள் அடைபட்ட ஒருவர் துணையின்றி வெளியே வருவதற்கு அந்தச் சிறு குறிப்பே வழி திறக்கக்கூடும். சாம்பல் நிறப் புள்ளிகள் காத்திருக்கின்றன.