பேரேட்டில் ஏறாத பாட்டு

கவிதையினாற் சமுதாயத்துக்கு விளையும் பயன் யாது என்னும் வினா எழும்போதெல்லாம் பெரும் புலவர்களின் பெயர்களே விடையாக வருகின்றன. எழுத்தறியாத மக்களிடத்து அவ்வினாவைக் கொண்டு செல்வோர் சிலரே. இலங்கை மலைநாட்டின் தோட்டங்களில் அதற்கு வேறொரு விடை உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்தோர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைவரை நடந்தனர். காய்ச்சலும் வாந்திபேதியும் பலரை வழியிலேயே மாய்த்தன. பின்னர்க் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. தோட்டத்துப் பேரேடுகள் கடனையும் வேலைநாளையும் மட்டுமே அறியும். கடன் தீர்த்தாலன்றித் தோட்டம் மாற இடந்தராத துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேதான் ஒழிந்தது. கொழுந்து குறைந்தவளுக்கு அரைப்பேர் போட்டதைச் செக்றோல் காட்டும். அன்று மாலை அவளது லயத்து அடுப்பு எரிந்ததா என்பதைக் காட்டாது. அதனைச் சொல்ல ஒப்பாரியும் தாலாட்டும் இருந்தன. தாலாட்டைக் கேட்பது குழந்தை மட்டுமா?

கங்காணியை நேரிற் குறைகூறுவது எளிதன்று. கொழுந்து மலையில் நிரைபிடித்து நிற்கும்போது நகைப்புப் பாட்டில் அவரை ஏசலாம். அப்பாட்டுக்கு ஆசிரியர் எவருமிலர். எனவே தண்டிக்கப்பட வேண்டியவரும் இலர். ஆசிரியர் பெயரில்லை என்று அறிஞர் சிலர் குறைவாக மதிக்கும் அப்பண்பே அதற்கு அரணாயிற்று.

பாடியதனால் ஒரு சதமேனும் கூலி உயர்ந்ததா எனக் கேட்கலாம். நேர்மையான கேள்விதான், கூலிக்குச் சங்கமே வேண்டியிருந்தது. ஆயினும், 1931ஆம் ஆண்டிற் கோ. நடேசையர் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைத்துப் பணியாற்றிய காலத்தில், அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிற் பாடினார். மேடைப் பேச்சு அம்மக்களுக்குப் புதிது, பாட்டுப் புதிதன்று. தம் துயர் தமக்கு மட்டுமே உரியதன்று என்பதைப் பாட்டினால் முன்னரே உணர்ந்திருந்தவர்களை நோக்கியே அவர் பாடினார்.

கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை 1947ஆம் ஆண்டிலே தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தையோ, அன்றேற் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. தோட்ட மக்களுட் பெரும்பாலோரால் அதனைக் காட்ட இயலவில்லை. அம்மக்களின் பாடல்களைத் தேடித் திரட்டியவரும் வேலுப்பிள்ளையே. கண்டிச் சீமைக்கு வந்த வழியின் துன்பமும், இம்மலைகளிற் பிறந்த பிள்ளையைத் தூங்கவைத்த தாயின் குரலும் அப்பாடல்களில் உள்ளன.