பாறைநிலத்துப் பள்ளித் தோட்டம்



விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் பாறையும் சரளையும் மிகுந்த நிலத்தில் அமைந்த பள்ளிகள் உண்டு. அங்கே மண்ணில் ஆழமில்லை, காற்றுக்கு மறைவில்லை. கோடை விடுமுறையில் நீரூற்றப் பிள்ளைகளும் இரார். ஆதலால் மே மாதத்தைத் தாங்கவல்ல செடிகளையே நாம் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

முதலில் காற்றைத் தடுப்போம். மேல்காற்று வீசும் புறத்தில் வேம்பும் புங்கும், அவற்றின் அடியில் நொச்சியும் ஆடாதோடையும் நடுவோம். ஆடு தீண்டாத ஆடாதோடை வேலியாகவும் உதவும். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது வானூர்ப் பக்கத்துச் செம்மண் மேடு மரமின்றி அரிப்புண்டு கிடந்தது. அங்கே வரப்பிட்டு மழைநீரைத் தேக்கி, வறட்சி தாங்கும் மரங்களை முதலில் வளர்த்தனர். அவற்றின் மறைவில் நம் நாட்டுக் காட்டு மரங்களும் தழைத்தன.

கிழங்குச் செடிகளில் தண்ணீர்விட்டான் ஏற்றது. நீரைக் கிழங்கில் சேமித்துக் கோடையைக் கடக்கும். கற்றாழையும் பிரண்டையும் பாறை இடுக்கிலும் பிழைக்கும். செங்காந்தள் நம் மாநில மலரேயாயினும், அதன் கிழங்கும் விதையும் கடும் நஞ்சு. அரளியும் அத்தகையதே. பிள்ளைகள் நடமாடுமிடத்தில் இவ்விரண்டும் வேண்டா.

கோடையிலேயே குழி தோண்டி, ஏரி வண்டலும் மட்கிய எருவும் இட்டு, ஐப்பசி மழையின் தொடக்கத்தில் நடுதல் நலம். தோண்டியெடுத்த கற்களைச் செடியைச் சுற்றிப் பரப்பினால் ஈரம் விரைவில் காயாது. முதற்கோடையில் மட்டும் வாரந்தோறும் நீரூற்றும் பொறுப்பைப் பஞ்சாயத்து வீட்டுக்கு வீடு முறைவைத்து ஏற்றல் வேண்டும். அந்த ஒரு கோடையைக் கடந்து வேரூன்றிய செடி, பின்னர் நம்மைப் பெரிதும் எதிர்பாராது.